கல்யாண டிவிடியைக் கணினிக்கு மாற்ற எந்த ஃபார்மட் சரி?

கேள்வி: என் அக்காவின் கல்யாணம் 2007-ல் நடந்தது. ஸ்டுடியோக்காரர் மூன்று டிவிடியாகப் போட்டுக் கொடுத்தார். அப்பா இப்போது எங்களோடு இல்லை. அவர் பேசுவதும் சிரிப்பதும் அசையும் படமாக இருப்பது இந்த மூன்று டிஸ்க்குகளில் மட்டும்தான். லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இல்லாததால் யூஎஸ்பி-யில் செருகும் டிரைவ் ஒன்று வாங்கி, டிஸ்க்கில் இருந்ததை அப்படியே காப்பி செய்தேன். பெயர் புரியாத ஏழெட்டு ஃபைல்கள் வந்தன. ஒன்றைத் திறந்தால் பாட்டின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. அதனால் ஓர் இலவச கன்வர்ட்டரில் போட்டேன். எம்பி4, ஃபுல் எச்டி என்று எடுத்தால் எல்லார் முகமும் அகலமாகிவிட்டது. ஆட்கள் நகர்ந்தால் ஓரமெல்லாம் கோடு கோடாக வருகிறது. ஏவிஐ எடுத்தால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. எம்கேவி லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது, போனில் சத்தமே இல்லை. மெனுவில் இன்னும் எத்தனையோ ஃபார்மட் இருக்கின்றன. எதை எடுப்பது சார்? வீட்டில் இருக்கும் சினிமா டிவிடிகளையும் இதே மாதிரி மாற்றிவிடலாமா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

முதலில் ஒரு வேண்டுகோள். டிஸ்க்கில் இருந்து நேராகக் காப்பி செய்தீர்களே, அந்த ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். இதுவரை நீங்கள் செய்ததில் மிகச் சரியான வேலை அதுதான். கன்வர்ட்டர் கொடுத்த மூன்றில் எம்கேவி மட்டும் ஓரளவு தேறும்; மற்ற இரண்டையும் விட்டுவிடலாம். டிஸ்க்குகளை, எல்லாம் முடிந்த பிறகும், தூக்கிப் போட வேண்டாம்.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று பாதுகாத்து வைக்க. டிஸ்க்கில் உள்ள படமும் ஒலியும் ஒரு துளிகூட மாறாமல் அதில் இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ (டிஸ்க் முழுவதும் ஒரே ஃபைலாக) என்றோ எம்கேவி-யாகவோ வைக்கலாம். இன்னொன்று வீட்டில் எல்லோரும் பார்க்க. அது எம்பி4, உள்ளே படம் எச்.264, ஒலி ஏஏசி என்ற சுருக்கும் முறைகளில். இந்த இரண்டு வேலையையும் ஒரே ஃபைலில் முடித்துவிடப் பார்ப்பதால்தான் சிக்கல் வருகிறது. பழைய கேசட், டிஸ்க்குகளை மாற்றித் தருவது என் தொழில். கன்வர்ட்டரில் ஒரு தடவை போட்டு எடுத்துவிட்டு, இனி எதற்கு என்று டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படுகிறது. போன விவரத்தை எந்த மென்பொருளாலும் திரும்ப வரவழைக்க முடியாது. உங்கள் கையில் டிஸ்க் இருக்கிறது, அது ஓடவும் செய்கிறது. பெரிய கண்டம் எதுவும் இல்லை.

மெனுவில் நீங்கள் பார்க்கும் எம்பி4, ஏவிஐ, எம்கேவி, எம்ஓவி எல்லாம் வெளி உறையின் பெயர்கள். உள்ளே படத்தையும் ஒலியையும் எந்த முறையில் சுருக்கி வைத்திருக்கிறார்கள் என்பது தனி விஷயம். தூக்குவாளியில் இருக்கும் ரசத்தை டிபன் கேரியருக்கு மாற்றினால் ரசம் மாறாது. அதை மறுபடி அடுப்பில் ஏற்றிக் கொதிக்க விட்டால்தான் சுவை இறங்கும். உறையை மட்டும் மாற்றுவது சில நிமிடத்தில் முடிந்துவிடும், ஒரு புள்ளிகூடக் கெடாது. உங்கள் கன்வர்ட்டர் எம்பி4-க்கும் ஏவிஐ-க்கும் செய்தது அது இல்லை. படத்தை முழுவதுமாகப் பிரித்து, மறுபடி சுருக்கியிருக்கிறது. அப்படிச் சுருக்கும்போது அது தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொண்ட அளவுகளால் வந்தவைதான் நீங்கள் சொல்லும் கோளாறுகள். ஏவிஐ-யில் படம் உடைந்ததற்குக் காரணம் ஏவிஐ என்ற உறை அல்ல, உள்ளே பழைய முறையில், நொடிக்கு மிகக் குறைந்த அளவு தகவலை ஒதுக்கிச் சுருக்கியது. ஏவிஐ 1992-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. பழைய பிளேயர்களுக்காக மெனுவில் இன்னும் இருக்கிறது. உங்களுக்கு அது தேவையே இல்லை.

இனி டிஸ்க்குக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அது தெரிந்தால் மெனுவைக் கண்டு தயங்க வேண்டியிருக்காது.

டிஸ்க்கைத் திறந்தால் வீடியோ_டிஎஸ், ஆடியோ_டிஎஸ் என்று இரண்டு ஃபோல்டர் இருக்கும். ஆடியோ_டிஎஸ் காலியாக இருப்பதைப் பார்த்து, சத்தம் காப்பி ஆகவில்லை என்று பலர் பயப்படுகிறார்கள். அது டிவிடி-ஆடியோ என்ற வேறு வகை டிஸ்க்குக்காக ஒதுக்கிய இடம். உங்கள் படத்தின் ஒலி வீடியோ_டிஎஸ்ஸுக்குள் படத்தோடு கலந்தே இருக்கிறது. அங்கே விடிஎஸ்_01_0 என்று பூஜ்யத்தில் முடியும் விஓபி ஃபைல், மெனு. 1, 2, 3 என்று முடிபவைதான் கல்யாணம். ஒரு விஓபி ஃபைல் 1 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பது டிவிடி-க்கான விதி. அதனால் அந்த அளவு வந்ததும், பாட்டோ மந்திரமோ பார்க்காமல், அடுத்த ஃபைல் தொடங்கிவிடும். உங்களுக்குப் பாட்டின் நடுவில் நின்றது அதனால்தான். அடுத்த துண்டில் அது தொடர்கிறது. எந்தத் துண்டுக்குப் பிறகு எந்தத் துண்டு, சாப்டர் எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் ஐஎஃப்ஓ என்று முடியும் சிறிய ஃபைல்களில் இருக்கிறது. பியுபி என்பது அதன் மறு பிரதி. ஆகவே விஓபி ஃபைல்களை ஒவ்வொன்றாக எடுத்து மாற்றாதீர்கள். சேரும் இடத்தில் சத்தம் துள்ளும். எந்த மென்பொருளாக இருந்தாலும் வீடியோ_டிஎஸ் ஃபோல்டரையே அதற்குக் காட்டுங்கள்.

விஓபி-க்குள் இருக்கும் படம் எம்பெக்-2 முறையில் சுருக்கியது. இந்தியாவில் பால் (PAL) என்ற டிவி முறை என்பதால் குறுக்கே 720 புள்ளி, மேலிருந்து கீழாக 576 வரி, நொடிக்கு 25 ஃபிரேம். ஒலி பெரும்பாலும் டால்பியின் ஏசி-3. ஒரு டிஸ்க்கின் கொள்ளளவு 4.7 ஜிபி, இரண்டு மணி நேரம் பதிந்தால் நொடிக்கு ஏறக்குறைய 5 மெகாபிட் கிடைக்கும். மூன்று மணி நேரத்தை ஒரே டிஸ்க்கில் அடைத்திருந்தால் அது மூன்றரைக்கு இறங்கிவிடும். அப்படி அடைத்த டிஸ்க்குகளில், கூட்டம் நகரும்போது கொஞ்சம் கட்டம் தெரிவது டிஸ்க்கிலேயே இருக்கும் குறை. ஒரிஜினலை விஎல்சி பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். அதில் தெரிவதுதான் உங்கள் உச்ச வரம்பு. மாற்றிய பிரதி அதற்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்பதுதான் கணக்கு.

இதைப் படிக்கும் வேறு சிலர் வீட்டில், டிவிடி என்று நினைத்து வைத்திருப்பது விசிடி-யாக இருக்கலாம். 2000-ஐ ஒட்டி நடந்த கல்யாணங்களுக்கு விசிடி நிறையப் போட்டார்கள். எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரும் டிஏடி என்று முடியும் ஃபைலும் இருந்தால் அது விசிடி. அதில் படம் 352-க்கு 288 புள்ளிதான், டிவிடி-யின் கால் பங்கு. அதை எச்டி ஆக்கித் தருவதாக யாராவது சொன்னால் பணம் கொடுக்க வேண்டாம்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் டிஸ்க்கை ஒரு மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். நடுவில் இருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் போக்கிலேயே விழுந்து, படிக்க முடியாமல் போகும். பற்பசை எல்லாம் போட வேண்டாம். கம்பெனியில் அச்சடித்து வரும் சினிமா டிஸ்க் வேறு, ஸ்டுடியோவில் பதியும் டிஸ்க் வேறு. ஸ்டுடியோ டிஸ்க்கில் ஒரு சாயப் படலத்தில்தான் லேசர் எழுதியிருக்கிறது. வெயிலும் சூடும் ஈரமும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். 2007-ல் பதிந்தது இன்றும் ஓடுகிறது என்றால் நல்லது, ஆனால் அடுத்த தீபாவளி வரை தள்ளிப் போடாதீர்கள். இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

டிஸ்க் முழுவதையும் ஒரே ஃபைலாக எடுப்பதுதான் ஐஎஸ்ஓ. விண்டோஸில் இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். மேக்கில் டிஸ்க் யுட்டிலிட்டியே போதும். 4.7 ஜிபி டிஸ்க் நிறைய இருந்தாலும் விண்டோஸ் 4.37 என்றுதான் காட்டும். எதுவும் விட்டுப்போகவில்லை, அது எண்ணும் முறை வேறு. படிக்கும்போது ஓரிடத்தில் திணறி நின்றால், உடனே நம்பிக்கை இழக்க வேண்டாம். ஒரு டிரைவ் படிக்க மறுப்பதை இன்னொரு டிரைவ் சாதாரணமாகப் படித்துவிடும். பழைய டெஸ்க்டாப் கணினியில் உள்ள டிரைவ்கள் பல சமயம் புது மெல்லிய யூஎஸ்பி டிரைவைவிட நன்றாகப் படிக்கின்றன. அதுவும் முடியாவிட்டால் லினக்ஸில் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற கருவி இருக்கிறது. படிக்க முடிந்த இடத்தையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு, முடியாத இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து முயலும். ஒரு டிரைவில் பாதி, வேறொரு டிரைவில் மீதி என்று சேர்க்கவும் அதில் வழி உண்டு. கடையில் கொடுப்பதாக இருந்தால், "எம்பி4 ஆக்கிக் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லாமல், "முதலில் ஐஎஸ்ஓ எடுத்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

ஐஎஸ்ஓ-வில் ஸ்டுடியோக்காரர் செய்த மெனு, மணமக்கள் பெயர் வரும் தலைப்பு, சாப்டர் எல்லாம் அப்படியே இருக்கும். விஎல்சி-யில் டிஸ்க் போட்டது போலவே ஓடும். மெனு வேண்டாம், படம் மட்டும் போதும் என்றால் மேக்எம்கேவி என்ற மென்பொருள் விஓபி துண்டுகளைச் சேர்த்து, படத்தையும் ஒலியையும் தொடாமல், ஒரே எம்கேவி ஃபைலாக்கித் தரும். உங்களிடம் இருக்கும் எம்கேவி லேப்டாப்பில் நன்றாக ஓடி, போனில் மட்டும் சத்தம் வராததைப் பார்த்தால் அதில் ஒலியையாவது தொடாமல் விட்டிருக்கிறது. படத்தையும் தொட்டிருக்கிறதா என்று அறிய ஃபைலின் அளவைப் பாருங்கள். டிஸ்க்கில் இருக்கும் படத்தின் அளவுக்கு ஏறக்குறைய சமமாக இருந்தால் தொடவில்லை. கல்யாண டிஸ்க்காக இருந்தால் நான் இரண்டையும் எடுத்து வைப்பேன். இன்றைய ஹார்ட் டிஸ்க்கில் மூன்று டிவிடி பெரிய இடமே இல்லை.

பாதுகாப்புப் பிரதி முடிந்தது. இனி பார்ப்பதற்கான எம்பி4. இதற்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். அதில் நான்கைந்து இடத்தை மட்டும் கவனித்தால் நீங்கள் எழுதிய கோளாறு ஒன்றும் வராது.

முகம் அகலமானதை முதலில் எடுத்துக்கொள்வோம். டிவிடி-யில் புள்ளிகள் சதுரமானவை அல்ல. 720-க்கு 576 என்று சேமித்திருந்தாலும், காட்டும்போது 4-க்கு 3 விகிதத்தில், அதாவது 768-க்கு 576 போல விரித்துக் காட்ட வேண்டும். அகலத்திரைப் படமாக இருந்தால் 1024-க்கு 576. எப்படி விரிப்பது என்ற குறிப்பு டிஸ்க்கில் இருக்கிறது. 2007-ல் எடுத்த உங்கள் கல்யாணம் பெரும்பாலும் 4-க்கு 3 ஆகத்தான் இருக்கும். கன்வர்ட்டர் அந்தக் குறிப்பைப் பார்க்காமல் 16-க்கு 9 என்ற ஃபுல் எச்டி சட்டத்துக்குள் படத்தை இழுத்துவிட்டது. எல்லார் முகமும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிட்டது. ஹேண்ட்பிரேக்கில் டைமென்ஷன்ஸ் பகுதியில் அனமார்ஃபிக் என்பது ஆட்டோமேட்டிக் என்று இருக்கட்டும். அகலம் உயரத்தை நீங்கள் தொட வேண்டாம். டிவியில் பார்க்கும்போது இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அது இருக்க வேண்டியதுதான். டிவி ரிமோட்டில் திரையை நிறைக்கும் பொத்தானை யாராவது அழுத்தினால் தடுத்துவிடுங்கள். அதே பகுதியில் கிராப்பிங் தானாக வெட்டும்படி இருக்கும். கல்யாண வீடியோவில் ஓரத்தில் பூ வேலை, சட்டம் எல்லாம் போட்டிருப்பார்கள். தானாக வெட்டினால் அதில் கொஞ்சம் போய்விடும். வெட்ட வேண்டாம் என்று வையுங்கள்.

அடுத்தது அந்தக் கோடுகள். இதுதான் பலரைத் திணற வைப்பது, எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் இதுதான். அந்தக் காலத்து வீடியோ கேமரா நொடிக்கு 25 முழுப் படம் எடுக்கவில்லை. 50 அரைப் படம் எடுத்தது. ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் இன்னொன்றில் இரட்டைப்படை வரிகள். பழைய குழாய் டிவி அதே வரிசையில் காட்டியதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கணினித் திரை இரண்டு அரைப் படங்களையும் ஒரே நேரத்தில் காட்டுகிறது. அந்த இடைவெளியில் மாலை போடும் கை கொஞ்சம் நகர்ந்திருக்கும். ஒற்றை வரியில் கை ஓர் இடத்திலும் இரட்டை வரியில் இன்னோர் இடத்திலும் தெரிவதால் ஓரம் கோடு கோடாகப் பிரிகிறது. அசையாமல் நிற்கும் இடத்தில் கோடு இல்லாததும் அதனால்தான்.

இதைச் சரிசெய்வதற்கு டீஇன்டர்லேஸ் என்று பெயர். செய்யும் வழி இரண்டு. இரண்டு அரைப் படங்களைக் கலந்து 25 படமாக்கலாம். கோடு போய்விடும், ஆனால் அசைவில் பாதி விவரம் போய், நடை கொஞ்சம் தட்டித் தட்டித் தெரியும். ஒவ்வோர் அரைப் படத்தையும் முழுப் படமாக வளர்த்து நொடிக்கு 50 படமாகவும் எடுக்கலாம். நான் எப்போதும் 50-தான் எடுக்கிறேன். அன்றைக்கு டிவியில் பார்த்த அதே வழுவழுப்பான அசைவு அப்படியே கிடைக்கும். உங்கள் அப்பா மண்டபத்தில் நடந்து வருவதை 25-லும் 50-லும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் உங்களுக்கே தெரியும். ஹேண்ட்பிரேக்கில் ஃபில்டர்ஸ் பகுதியில் டீஇன்டர்லேஸ் என்ற இடத்தில் பிவ்டிஃப் (Bwdif) அல்லது யாடிஃப் (Yadif) எடுத்து, அதன் பிரீசெட்டில் பாப் (Bob) என்பதைத் தேர்ந்தெடுங்கள். வீடியோ பகுதியில் ஃபிரேம்ரேட் 50, கான்ஸ்டன்ட் என்று வையுங்கள்.

இதில் வரிசை முக்கியம். கோட்டைப் பிரித்து எடுத்த பிறகுதான் படத்தின் அளவை மாற்றலாம். உங்கள் கன்வர்ட்டர் கோட்டோடு சேர்த்தே 576 வரியை 1080 வரியாக இழுத்துவிட்டது. ஒற்றை வரியும் இரட்டை வரியும் ஒன்றோடொன்று கரைந்துவிட்டன. இனி எந்த மென்பொருளாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. அந்த ஃபுல் எச்டி பிரதியைத் திருத்த முயலாமல், மறுபடி ஐஎஸ்ஓ-வில் இருந்து எடுக்கச் சொல்வது அதற்காகத்தான். இதே காரணத்தால் பாதுகாப்புப் பிரதியில் டீஇன்டர்லேஸ் செய்யவே கூடாது. இந்த வேலையைச் செய்யும் முறைகள் வருடத்துக்கு வருடம் தேறிக்கொண்டே வருகின்றன. பத்து வருடம் கழித்து வரும் ஒரு கருவிக்கு, வரிகள் கலையாத ஒரிஜினலைக் கொடுக்க உங்களிடம் இருக்க வேண்டும்.

அரிதாக ஒரு சிக்கல் வரும். பாப் போட்டு எடுத்த படத்தில் ஆட்கள் முன்னும் பின்னும் நடுங்குவது போல் தெரிந்தால், அரைப் படங்களின் வரிசை மாறியிருக்கிறது. அந்தக் காலத்தில் அதிகம் புழங்கிய மினிடிவி (MiniDV) என்ற சிறு கேசட்டில் பதியும் கேமரா கீழ் வரியை முதலில் பதியும். டிவிடி-க்கு மாற்றும்போது மேல் வரி முதலில் என்று எடிட்டிங்கில் தவறாகக் குறித்துவிட்டால் இப்படி ஆகும். ஃபில்டரில் கஸ்டம் என்று எடுத்து, பாரிட்டி என்ற எண்ணை 0 என்றும் 1 என்றும் மாற்றிப் பார்த்தால், இரண்டில் ஒன்றில் நின்றுவிடும்.

தரத்தைத் தீர்மானிப்பது வீடியோ பகுதியில் உள்ள ஆர்எஃப் என்ற எண். எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். டிவிடி அளவுப் படத்துக்கு ஹேண்ட்பிரேக்காரர்கள் 18 முதல் 22 வரை பரிந்துரைக்கிறார்கள். நான் கல்யாண வீடியோவுக்கு 18 அல்லது 19 வைப்பேன். மண்டபத்தின் மங்கலான வெளிச்சத்தில் எடுத்த படத்தில் மணல் போல் இரைச்சல் இருக்கும். அதைச் சுருக்கக் கூடுதல் இடம் தேவை. வந்த ஃபைல் டிஸ்க்கைவிடப் பெரிதாகிவிட்டால் 20, 21 என்று ஏற்றிக்கொள்ளுங்கள். ஃபுல் எச்டி, 4கே என்ற பிரீசெட்டுகள் பக்கம் போகவே வேண்டாம். 576 வரியில் இல்லாத விவரம் 1080-ல் வராது. பெரிதாக்கிக் காட்டும் வேலையை டிவி தானே செய்துகொள்ளும்.

எச்.264-க்குப் பதில் எச்.265 எடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எச்.265 2013-ல் வந்தது, ஃபைல் சிறிதாகும், உண்மைதான். ஆனால் 2003-ல் வந்த எச்.264 ஓடாத டிவியையோ போனையோ இப்போது தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாமா வீட்டுப் பழைய டிவியிலும் ஓட வேண்டும் என்றால் எச்.264. மூன்று டிஸ்க்குக்கு மிச்சமாகும் இடம் பொருட்டே இல்லை.

போனில் சத்தம் வராததற்கு எம்கேவி காரணம் இல்லை. உள்ளே இருக்கும் ஏசி-3 ஒலியைப் பிரித்துக் கேட்பிக்கும் வசதி பல போன்களில் இல்லை. அதற்குத் தனி உரிமம் வாங்க வேண்டியிருந்ததால் தயாரிப்பாளர்கள் பலர் சேர்க்கவில்லை. போனில் விஎல்சி போட்டு அதே ஃபைலை ஓட்டுங்கள், சத்தம் வரும். எல்லோர் போனிலும் விஎல்சி இருக்காது என்பதால் எம்பி4-ல் ஒலியை ஏஏசி, ஸ்டீரியோ, 160 என்று வையுங்கள். நாதஸ்வரமும் தவிலும் நிறைய இருக்கும் டிஸ்க் என்றால் 192. பாதுகாப்புப் பிரதியில் ஏசி-3 அப்படியே இருக்கட்டும்.

முழு டிஸ்க்கையும் மாற்றுவதற்கு முன் ஒரு சிறு துண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஹேண்ட்பிரேக்கில் பிரிவியூ பகுதியிலேயே அரை நிமிடம் எடுத்துக் காட்டும் வசதி இருக்கிறது. தாலி கட்டும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். நாலா பக்கமும் இருந்து அட்சதை விழுகிறது, கேமரா ஃபிளாஷ் அடிக்கிறது, எல்லோரும் ஒரே சமயத்தில் கையைத் தூக்குகிறார்கள், கெட்டிமேளம் உச்சத்தில் இருக்கிறது. படத்தைச் சுருக்கும் எந்த முறைக்கும் அதைவிடக் கடினமான சோதனை கிடையாது. அங்கே அரிசி தனித்தனியாகத் தெரிந்து, முகம் கட்டம் கட்டாமல், மேளம் கரகரக்காமல் இருந்தால் மற்ற இடமெல்லாம் தானாகவே நன்றாக இருக்கும். அந்தத் துண்டை டிவியிலும் போனிலும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு மீதியை ஓட விடுங்கள்.

ஹேண்ட்பிரேக் டிஸ்க்கைத் திறந்ததும் டைட்டில் என்ற இடத்தில் ஒரே ஒரு படத்தைத்தான் தேர்ந்தெடுத்துக் காட்டும், பெரும்பாலும் நீளமானதை. நிச்சயதார்த்தம், வரவேற்பு, நலங்கு என்று ஸ்டுடியோக்காரர் தனித்தனி டைட்டிலாகப் போட்டிருந்தால் அவை அந்தப் பட்டியலில் ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றையும் எடுத்து வரிசையில் சேருங்கள். விட்டுப்போனது பல மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

பென் டிரைவ் பற்றி ஒரு வரி. ஐஎஸ்ஓ-வை பென் டிரைவில் போடும்போது இடம் இருந்தும் இடமில்லை என்று சொன்னால், அது ஃபாட்32 முறையில் இருக்கிறது. அதில் 4 ஜிபி-க்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபாட் ஆக மாற்றினால் ஏறும், ஆனால் மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்பதால் முதலில் வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில பழைய டிவிக்கள் ஃபாட்32 மட்டுமே படிக்கும். அவற்றுக்கு எம்பி4-ஐ 4 ஜிபி-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கிவிடும். டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் 2 ஜிபி வரை அப்படியே போகும். ஐஎஸ்ஓ-வை ஒரே ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் வைக்காதீர்கள். இன்னொரு பிரதி அக்கா வீட்டில் இருக்கட்டும்.

சினிமா டிவிடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது வேறு கதை. கல்யாண டிஸ்க்கில் பூட்டு எதுவும் இல்லை. அது உங்கள் வீட்டுச் சொத்து. கம்பெனி வெளியிட்ட சினிமா டிஸ்க்குகளில் பலவற்றில் காப்பி எடுக்க முடியாதபடி பூட்டு இருக்கும். அதனால்தான் அவற்றை ஹேண்ட்பிரேக் தானாகப் படிப்பதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு அந்தப் பூட்டை உடைப்பது குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அவற்றை டிரைவில் போட்டு விஎல்சி-யில் பாருங்கள். பாதிக்கு மேல் ஏதாவது ஒரு தளத்தில் முறையாகவே, இதைவிட நல்ல தரத்தில் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. கல்யாணம் எடுத்த ஸ்டுடியோ இன்னும் இருந்தால் அவர்களைக் கூப்பிட்டு, மினிடிவி கேசட் வைத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். பல ஸ்டுடியோக்கள் கேசட்டின் மேல் திரும்பப் பதிந்துவிடுவார்கள், ஆனால் எல்லோரும் அல்ல. சில இடங்களில் பெயர் எழுதிய அட்டைப்பெட்டியில் இன்றும் இருக்கிறது. கேசட்டில் படம் நொடிக்கு 25 மெகாபிட். உங்கள் டிவிடி-யில் இருப்பதைவிட ஐந்து மடங்கோ அதற்கு மேலோ. எடிட்டிங்கில் வெட்டிய இடங்களும் அதில் இருக்கும், பாட்டு போட்டு மூடிய பேச்சும் இருக்கும். அப்பா பேசிய குரல் பின்னணிப் பாட்டுக்கு அடியில் போயிருந்தால் அது கேட்கக் கிடைப்பது அந்தக் கேசட்டில்தான். கிடைத்தால் வீட்டில் ஓட்டிப் பார்க்காதீர்கள். பழைய கேமராவில் நாடா சிக்கிக்கொள்ளும். ஃபயர்வயர் (அந்தக் கேமராவைக் கணினியோடு இணைக்கும் வழி) வைத்திருக்கும் கடையில் கொடுத்து, மறுபடி சுருக்காமல், கேசட்டில் உள்ள டிவி (DV) ஃபைலாகவே எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஏறக்குறைய 13 ஜிபி வரும். அந்த இடத்தோடு ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கையில் கொண்டு போங்கள்.